யெல்லோஸ்டோனில் டிரெய்லர் போட்டுத் தங்கும்போது வரும் கோளாறுகள்: முதலில் எதைப் பார்ப்பது, எப்போது ஆளைக் கூப்பிடுவது

செப்டம்பர் பிறந்தால் 24 அடி டிரெய்லரை (வண்டிக்குப் பின்னால் கோத்து இழுக்கும் நடமாடும் வீடு) இழுத்துக்கொண்டு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போய்விடுவோம். இரண்டு மூன்று வாரம் அங்கேயே தங்கி ஓநாய், கரடி, பைசன், எல்க் மான் என்று பார்த்துக்கொண்டிருப்போம். ஏழு ஆண்டாக இப்படித்தான். இந்த ஏழு ஆண்டில் டிரெய்லரில் ஏதாவது ஒன்று மக்கர் செய்யாத பயணமே கிடையாது. ஆனால் வருவதெல்லாம் திரும்பத் திரும்ப அதே கோளாறுகள்தான். முதல்முறை வரும் நண்பர்கள் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டிக் கேட்பதும் இவற்றைத்தான். அதனால் எழுதி வைக்கிறேன்.

பூங்காவின் பெரும்பகுதியில் போன் சிக்னல் கிடையாது. இதைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள், அல்லது அச்செடுத்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.

இடத்தைப் பற்றி இரண்டு வரி. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் என்று மூன்று இணைப்பும் உள்ள ஒரே முகாம் பிஷிங் பிரிட்ஜ். மேடிசன், கேன்யன், கிராண்ட், பிரிட்ஜ் பே முகாம்களில் இணைப்பு எதுவும் இல்லை. உங்கள் பேட்டரி, உங்கள் சிலிண்டர், உங்கள் தொட்டி, அவ்வளவுதான். ஜெனரேட்டர் அனுமதிக்கப்படும் முகாம்களிலும் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரைதான் ஓட்டலாம். யெல்லோஸ்டோன் ஏரிக்கரை கடல் மட்டத்திலிருந்து 7,700 அடிக்கு மேலே இருக்கிறது. உறைபனி எந்த மாதத்திலும் வரும். கீழே வரும் கோளாறுகளில் பாதி, இந்த உயரத்தாலும் குளிராலும் வருபவைதான்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர் ஒன்று (வோல்ட் அளக்கும் கருவி, 20 டாலருக்குள் கிடைப்பதே போதும்), எல்லா அளவிலும் உதிரி பியூஸ், ஒரு ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர், டயர் காற்று அளக்கும் மானி, தலையில் மாட்டும் விளக்கு.

## எது மக்கர் செய்தாலும் முதலில் பேட்டரி வோல்ட்

சுவிட்ச் போர்டைப் பிரிப்பதற்கு முன், எதையும் விலை கொடுத்து வாங்குவதற்கு முன், மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்து அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் அளவு சரியாக இருக்கும். சாதாரண ஈய அமில பேட்டரி என்றால்:

12.6 வோல்ட்டுக்கு மேல்: நிறைந்திருக்கிறது.
12.2: பாதிதான் இருக்கிறது. இதற்குக் கீழே இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும்.
12.0: கால் பங்கு.
11.8-க்குக் கீழ்: காலி. இந்த நிலையில் டிரெய்லரில் எது செய்யும் கோளாறையும் நம்ப வேண்டாம். முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

லித்தியம் பேட்டரி என்றால் வோல்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. பெரும்பகுதி தீரும் வரை 13 வோல்ட் பக்கத்திலேயே காட்டிக்கொண்டிருக்கும். அதற்கென்று உள்ள செயலியிலோ மானியிலோ சதவீதத்தைப் பாருங்கள்.

## ஃபர்னஸ் நடுராத்திரியில் நின்றுவிடுகிறது

ஃபர்னஸ் என்பது டிரெய்லரைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டர். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஒருவரைத் தெர்மோஸ்டாட்டை (எவ்வளவு சூடு வேண்டும் என்று வைக்கும் சுவிட்ச்) ஏற்றச் சொல்லிவிட்டு நீங்கள் ஃபர்னஸ் பக்கத்தில் குனிந்து காதைக் கொடுங்கள். ஒழுங்காக இருந்தால் முதலில் ஃபேன் சுற்றும், அரை நிமிடத்துக்குள் 'டிக் டிக்' என்று பொறி அடிக்கும், பிறகு 'புஸ்' என்று தீ பிடிக்கும். எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

### ஃபேனே சுற்றவில்லை

தெர்மோஸ்டாட் 'ஹீட்' நிலையில் இருக்கிறதா? சில தெர்மோஸ்டாட்களில் சின்ன பேட்டரி இருக்கும், அது தீர்ந்திருக்கலாம். அடுத்து பியூஸ். கண்ணால் பார்த்துத் திருப்தி அடையாமல் கழற்றி மாற்றிப் பாருங்கள். சில மாடல்களில் ஃபர்னஸ் உடம்பிலேயே தனியாக ஒரு சுவிட்ச் உண்டு, சாமான் வைக்கும்போது இடித்து அது அணைந்திருக்கும். இதெல்லாம் சரி, வோல்ட்டும் சரி என்றால் மோட்டாரோ ரிலேவோ போயிருக்கிறது. அது மெக்கானிக் வேலை.

### ஃபேன் சுற்றுகிறது, 'டிக் டிக்' சத்தமே வரவில்லை

பத்துக்கு எட்டு முறை காரணம் பேட்டரிதான். ஃபேன் போதிய வேகத்தில் சுற்றிக் காற்றைத் தள்ளினால்தான் உள்ளே ஒரு தகட்டு சுவிட்ச் மூடும், அது மூடினால்தான் கேஸ் திறக்கும். பேட்டரி சோர்ந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், சுவிட்ச் மூடாது. நமக்கோ ஃபேன் ஓடுவது கேட்பதால் பேட்டரி மேல் சந்தேகமே வராது. இரண்டாவது ஆண்டு நான் இதில்தான் ஏமாந்தேன். கன்ட்ரோல் போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டி, விடிந்ததும் 80 மைல் ஓட்டிக் கோடி (Cody) என்ற ஊருக்குப் போய்ப் புது போர்டு வாங்கி வந்து மாட்டினேன். அன்று இரவும் ஃபர்னஸ் நின்றது. அப்புறம்தான் வோல்ட் பார்த்தேன்: 11.3. மாட்டிய புது போர்டைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. அந்த இரவு அப்பாவும் அம்மாவும் எங்களோடு இருந்தார்கள். இருவரும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்தே விடிய வைத்தது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இரவில் ஜெனரேட்டர் போட முடியாது. சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கேஸ் வாடை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஜம்பர் கேபிளில் இழுவை வண்டியின் பேட்டரியையும் டிரெய்லர் பேட்டரியையும் இணையுங்கள். கூட்டலோடு கூட்டல், கழித்தலோடு கழித்தல். கடைசிக் கவ்வியைப் பேட்டரியில் கொடுக்காமல் தள்ளி, டிரெய்லர் சட்டத்தின் பெயின்ட் இல்லாத இரும்பில் கொடுங்கள். உடனே ஃபர்னஸ் பற்றிக்கொண்டால் காரணம் தெரிந்துவிட்டது. இது பத்து நிமிடச் சோதனைக்கு மட்டும்தான். இரவு முழுக்க இப்படி விட்டால் காலையில் வண்டியும் கிளம்பாது.

பேட்டரி நிறைந்திருந்தும் இதே நிலை என்றால் அந்தத் தகட்டு சுவிட்சில் தூசியோ எலி முடியோ சிக்கியிருக்கலாம். ஃபர்னஸை வெளியே இழுத்துப் பழக்கமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

### 'டிக் டிக்' கேட்கிறது, தீ பிடிக்கவில்லை

அடுப்பைப் பற்ற வையுங்கள். அடுப்பும் எரியவில்லை, அல்லது சுடர் சோர்ந்து எரிகிறது என்றால் ஃபர்னஸை விட்டுவிட்டு சிலிண்டர் பக்கம் போங்கள். ஒன்று தீர்ந்து மற்றொன்று மூடியே இருக்கும். அல்லது வால்வை வேகமாகத் திறந்ததால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு அடைப்பு விழுந்திருக்கும். அப்படியானால் எல்லாவற்றையும் மூடி, சில நிமிடம் விட்டு, வால்வை மிக மெதுவாகத் திறங்கள். ரெகுலேட்டர் உறைந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றலாம். நெருப்பைக் கிட்டே கொண்டுபோகவே கூடாது.

அடுப்பு நன்றாக எரிந்தும் ஃபர்னஸ் பற்றவில்லை என்றால் வெளிச் சுவரில் புகை போகும் வாயைப் பாருங்கள். கோடை முழுக்க நின்ற டிரெய்லரில் குளவி கூடு கட்டியிருக்கும்.

### தீ பிடித்துச் சில விநாடியில் அணைகிறது

பலத்த காற்று நேராகப் புகை வாயில் அடிக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சுடரை உணரும் கம்பி அழுக்கேறியிருக்கும், அல்லது கேஸ் அழுத்தம் சரியில்லை. அழுத்தத்தை மானி வைத்துத்தான் அளக்க வேண்டும், ரெகுலேட்டர் திருகாணியைக் குத்துமதிப்பாகத் திருகாதீர்கள். ஆளைக் கூப்பிடுங்கள்.

புகை வாயைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் எந்த நிலையிலும் அந்த ஃபர்னஸை மறுபடி போடாதீர்கள். அன்று இரவு போர்வை போதும். வெப்பத்துக்காக கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது. ஏன் என்பது அடுத்த தலைப்பில்.

## காலையில் எழுந்தால் எல்லோருக்கும் தலைவலி

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று உயரம். ஹூஸ்டனிலோ சிகாகோவிலோ இருந்து விமானத்தில் வந்து அன்றே 7,700 அடியில் தூங்கினால் முதல் ஓரிரு நாள் தலைவலி, தூக்கமின்மை, பசியின்மை வரும். மற்றொன்று கார்பன் மோனாக்சைடு, ஆளைக் கொல்வது.

எது என்று யோசித்துக்கொண்டு உள்ளேயே உட்காராதீர்கள். முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள், குழந்தைகளையும் நாயையும் சேர்த்து. வெளிக்காற்றில் நின்றதும் தலைவலி குறைகிறதா? வந்து நாலைந்து நாள் ஆன பிறகு திடீரென்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்ததா? அப்படியானால் கார்பன் மோனாக்சைடு என்றே வைத்துக்கொண்டு 911-ஐ அழையுங்கள், சிக்னல் இல்லாவிட்டால் முகாம் அலுவலகத்துக்கு ஓடுங்கள். குழப்பம், வாந்தி, மயக்கம் எதுவாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

பிறகு காரணம் தேடலாம். பக்கத்துத் திடலின் ஜெனரேட்டர் புகை உங்கள் ஜன்னல் வழியே வருகிறதா, அடுப்பை வெப்பத்துக்காக எரியவிட்டீர்களா, ஃபர்னஸ் புகை வாயில் பனி அடைத்ததா என்று. கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் கத்தவில்லை என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். அதற்கு ஆயுள் உண்டு, பின்பக்கம் தேதி அச்சிட்டிருக்கும். தேதி தாண்டியிருந்தால் ஊரிலேயே மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

## கேஸ் வாடை வருகிறது, அல்லது கேஸ் அலாரம் கத்துகிறது

வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியேறி, சிலிண்டர் வால்வை மூடி, கதவைத் திறந்து வையுங்கள். அரைமணி கழித்து, வாடை போனதும், வால்வை மெதுவாகத் திறந்து ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் அடித்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சிலிண்டர் இணைப்பில் குமிழி வந்தால் கையால் இறுக்கினால் நின்றுவிடும். குழாயிலோ வேறெங்கோ வந்தால் வால்வை மறுபடி மூடி வைத்து மெக்கானிக்கை அழையுங்கள்.

வாடையே இல்லாமல் விட்டு விட்டு 'பீப்' என்று மட்டும் அடித்தால், மறுபடியும் பேட்டரி வோல்ட் பாருங்கள். வோல்ட் குறைந்தாலும் கத்தும். நாய் வாயு விட்டாலும், ஹேர் ஸ்பிரே அடித்தாலும் கூடச் சில அலாரம் கத்தும். ஆனால் அந்த முடிவுக்கு வெளியே நின்றபடி வாருங்கள்.

## பேட்டரி விடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது

கணக்கு எளிது. ஃபர்னஸ் ஃபேன் ஓடும்போது 7, 8 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேரக் குளிர் இரவில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினாலே 25 ஆம்பியர்-மணி போய்விடும். டிரெய்லரோடு கொடுக்கப்படும் ஒற்றைப் பேட்டரியில் நிறைந்த நிலையில் பயன்படுத்தக்கூடியது 40 சொச்சம்தான். குளிரில் அதுவும் சுருங்கும். ஆக நிறைந்த பேட்டரி ஓரிரவு தாங்கும், பாதி பேட்டரி தாங்காது. இதில் கோளாறு ஒன்றுமில்லை, கொள்ளளவு அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால் தீர்கிறது என்றால் இந்த வரிசையில் பாருங்கள்:

முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா? சோடா உப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து இறுக்குங்கள். மூடி திறக்கும் பேட்டரி என்றால் தகடுகள் தண்ணீருக்கு மேலே தெரிகின்றனவா? வடிகட்டிய தண்ணீர் ஊற்றுங்கள். இன்வெர்ட்டர் இரவெல்லாம் வீணாக ஓடுகிறதா? லேப்டாப்புக்காகப் போட்டுவிட்டு அணைக்க மறப்பது எங்கள் வீட்டிலேயே நடக்கும்.

பகலில் சார்ஜ் ஏறவே இல்லையா? இழுவை வண்டியோடு கோத்து ஒரு மணி நேரம் ஓட்டியதால் ஏறியிருக்கும் என்று நினைக்க வேண்டாம், வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் ஏழு முள் பிளக் வழியே வருவது மிகக் கொஞ்சம். ஜெனரேட்டரை மாலையில் ஒரு மணி நேரம் போடுவதைவிடக் காலை 8 மணிக்கே போட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டுவது நல்லது. காலியான பேட்டரிதான் வேகமாகக் குடிக்கும். லித்தியம் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள்: பேட்டரி பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருந்தால் சார்ஜ் ஏற்காது. பெட்டி வெளியே டிரெய்லர் மூக்கில் இருந்தால் காலையில் இதுதான் நடக்கும். வெயில் வரும் வரை பொறுங்கள்.

ஜெனரேட்டர் சுமை தாங்காமல் திணறி நின்றுவிடுகிறதா? உயரம்தான் காரணம். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3.5 சதவீதம் சக்தி குறையும். 2,000 வாட் என்று எழுதியிருப்பது ஏரிக்கரையில் 1,500 தான் தரும். மைக்ரோவேவையும் சார்ஜரையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

பேட்டரி உப்பியிருந்தாலோ உறைந்திருந்தாலோ சார்ஜ் போடவே கூடாது. சார்ஜ் தீர்ந்த பேட்டரி சீக்கிரம் உறையும். அதைப் புதிதாக மாற்றுவதைத் தவிர வழியில்லை.

## ஃபிரிட்ஜ் (குளிர்பதனப் பெட்டி) கேஸில் குளிரவில்லை

டிரெய்லர் சமமாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் சாய்ந்து நின்றால் குளிராது, வெகுநேரம் சாய்வாக ஓடினால் நிரந்தரமாகக் கெட்டும் போகும். இந்த உயரத்தில் சுடர் அணைந்து அணைந்து எரிவதும் உண்டு. பிஷிங் பிரிட்ஜில் இருந்தால் மின்சாரத்துக்கு மாற்றிவிடுங்கள். மற்ற இடங்களில் வெளிப்பக்க மூடியைத் திறந்து பர்னரில் சிலந்தி வலை, துரு இருந்தால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஃபிரிட்ஜின் பின்னால் அமோனியா நெடியோ மஞ்சள் கறையோ இருந்தால் குளிர்விக்கும் பகுதி ஒழுகிவிட்டது. அணைத்துவிட்டு ஐஸ் பெட்டிக்கு மாறுங்கள், அந்த ஐஸ் பெட்டியை இரவில் வெளியே வைக்காமல். கிரிஸ்லி கரடி நடமாடும் இடம் இது. மணம் உள்ள எதுவும், பல் பேஸ்ட் உட்பட, டிரெய்லருக்குள்ளோ காருக்குள்ளோதான் இருக்க வேண்டும்.

## தண்ணீர் பம்ப் தகராறு

நிற்காமல் ஓடுகிறது: தொட்டி காலி, அல்லது எங்கோ குழாய் திறந்திருக்கிறது, அல்லது பம்புக்கு முன்னால் உள்ள வடிகட்டியின் மூடி தளர்ந்து காற்று இழுக்கிறது. மூன்றாவதைத்தான் பலர் பார்ப்பதில்லை.

யாரும் குழாயைத் திறக்காமலே நடு இரவில் ஒரு நொடி ஓடி நிற்கிறது: எங்கோ கசிகிறது. டாய்லெட் வால்வுக்குக் கீழே, சிங்க்குக்கு அடியில், வாட்டர் ஹீட்டரைச் சுற்றிக் காகிதத் துணியை வைத்துப் பாருங்கள். எங்கும் ஈரம் இல்லை என்றால் பம்பின் உள் வால்வு தேய்ந்திருக்கிறது. ஊர் திரும்பும் வரை இரவில் பம்பை அணைத்து வைத்துச் சமாளிக்கலாம்.

காலையில் மட்டும் வரவில்லை: உறைந்திருக்கிறது. பிஷிங் பிரிட்ஜில் இணைப்புக் குழாயை இரவில் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டு, உள்தொட்டித் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தால் ஃபர்னஸ் சூடு குழாய்களுக்கும் போகும். குழாய் வெடித்துவிட்டால் பம்பை அணைத்து, தொட்டியை வடித்து, மெக்கானிக்கை அழையுங்கள்.

## கழிவுத் தொட்டி: நாற்றம், 'நிறைந்துவிட்டது' என்ற விளக்கு

காலி செய்த பிறகும் விளக்கு 'நிறைந்தது' என்றே காட்டினால் உள்ளே உணர் முனைகளில் காகிதம் ஒட்டியிருக்கிறது. நிறையத் தண்ணீர் ஊற்றி, அடுத்த இடத்துக்கு ஓட்டிப் போய்க் காலி செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நாற்றம் சிங்க்கிலிருந்து வந்தால் அடிக்குழாய் வளைவில் தண்ணீர் வற்றியிருக்கும், ஒரு டம்ளர் ஊற்றுங்கள்.

பிஷிங் பிரிட்ஜில் இணைப்பு இருக்கிறதே என்று கழிவு வால்வைத் திறந்தே வைப்பது பெரிய தவறு. தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது உள்ளே மலையாகக் குவிந்து இறுகிவிடும். அந்த நிலைக்கு வந்தால் தொட்டி கழுவும் ஆள்தான் தீர்க்க முடியும்.

## எலி புகுந்துவிட்டது

இரவில் சுரண்டும் சத்தம், இழுப்பறையில் கறுப்பு அரிசி போல் எச்சம். துடைப்பத்தை எடுக்காதீர்கள், வாக்குவமும் வேண்டாம். இந்தப் பகுதியில் உள்ள மான் எலி ஹான்டா வைரஸைச் சுமக்கக்கூடியது. காய்ந்த எச்சம் தூசியாகப் பறந்து மூச்சில் போவதுதான் ஆபத்து. கதவு ஜன்னலைத் திறந்து அரைமணி நேரம் வெளியே இருங்கள். கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, எச்சம் நன்றாக ஊறும்படி அடித்து, ஐந்து நிமிடம் கழித்துக் காகிதத் துணியால் துடைத்து எடுங்கள். பிறகு டிரெய்லருக்கு அடியில் படுத்து, குழாயும் வயரும் நுழையும் ஒவ்வொரு ஓட்டையிலும் இரும்புப் பஞ்சு அடையுங்கள். பொறி வைப்பது அதற்கு அப்புறம்தான்.

ஊர் திரும்பி ஒன்றிலிருந்து எட்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தொடை, முதுகு வலியும் வந்தால் மருத்துவரிடம் எலி விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்றே நினைப்பார்கள். மூச்சுத் திணறினால் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

## ஓட்டும்போது டிரெய்லர் ஆடுகிறது, இறக்கத்தில் கருகும் வாடை

ஆட்டம்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடுங்கள். வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். நிறுத்திய பின் டயர் காற்று, பிறகு சாமான். கொக்கியின் மேல் டிரெய்லர் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் உட்கார வேண்டும். வரும்போது ஆடாத வண்டி திரும்பும்போது ஆடினால், பின்பக்கத் தொட்டி நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வாடை: ஸில்வன் கணவாயும் டன்ரேவன் கணவாயும் 8,500 அடிக்கு மேல். இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்ஜினால் பிடியுங்கள். நிறுத்தி, சக்கர மையங்களின் அருகே கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். நாலும் சமமாகச் சுட்டால் பிரேக் சூடு, ஆறவிட்டுப் போகலாம். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு மைல் கூட ஓட்டாமல் டோ டிரக்கை வரவழையுங்கள்.

## பைசன் கதவுக்கு வெளியே நிற்கிறது

உள்ளேயே இருங்கள். 900 கிலோ வரை எடை, மணிக்கு 35 மைல் ஓடும். டிரெய்லர் மூலையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு போகும், போகட்டும். ஹாரன், கைதட்டல் எதுவும் வேண்டாம். வால் மேலே நட்டமாகத் தூக்கினால் கோபத்தில் இருக்கிறது என்று பொருள். 100 கஜம் விலகி நிற்கும் விதியைக் கரடிக்கும் ஓநாய்க்கும் மலைச்சிங்கத்துக்கும், 25 கஜத்தை மற்ற எல்லா விலங்குக்கும் சொல்லியிருக்கிறார்கள். அது நீங்கள் அதனிடம் போவதற்கு மட்டுமில்லை, அது உங்களிடம் வந்தால் விலகவும்தான். ஒரு மணி நேரம் ஆகியும் நகரவில்லை, வெளியே யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் ரேஞ்சரிடம் சொல்லுங்கள். கரடி முகாமுக்குள் வந்தால் காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

## ஒரு வாரம் ஆச்சு, ஓநாய் கண்ணிலேயே படவில்லை

இதையும் கோளாறாகத்தான் நினைக்கிறேன், ஏனென்றால் இதற்கும் காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. 1995-லும் 96-லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் எழுபது ஆண்டு காலம் இங்கே ஓநாய்க் கூட்டமே இல்லை. இப்போது ரோட்டோரத்தில் நின்றே பார்க்க முடிகிறது என்பதே எனக்கு இன்னும் பெரிய விஷயம்.

முதல் காரணம் நேரம். எட்டு மணிக்குக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினால் முடிந்தது. வெளிச்சம் வரும்போது நீங்கள் இடத்தில் நிற்க வேண்டும்.

இரண்டாவது, தங்கும் இடம். ஓநாய்க்குப் பெயர் போன லமார் பள்ளத்தாக்கு பிஷிங் பிரிட்ஜிலிருந்து கிட்டத்தட்ட 50 மைல், நடுவே டன்ரேவன் கணவாய். இருட்டில், மான் குறுக்கே பாயும் சாலையில் ஒன்றரை மணி நேரம் ஆகும். செப்டம்பரில் பனி விழுந்து கணவாய் மூடினால் சுற்றிப் போக வேண்டும். ஓநாய்தான் குறி என்றால் வடக்கே மாமத் முகாமில் சில நாள் தங்குங்கள். பிஷிங் பிரிட்ஜை விட முடியாதென்றால் லமாரை மறந்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் ஹேடன் பள்ளத்தாக்கில் தினமும் நில்லுங்கள். எங்கள் முதல் ஓநாயை அங்கேதான் பார்த்தோம். செத்த பைசன் ஒன்றைச் சுற்றிக் காக்கைகள் எழும்பி இறங்கின, பக்கத்தில் ஒரு சாம்பல் உருவம் உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது, ஒரு இடத்தில் நிற்காமல் ஓட்டிக்கொண்டே இருப்பது. இரண்டு மணி நேரம் ஒரே மேட்டில் நின்று சரிவைத் துண்டு துண்டாகத் துழாவுங்கள். காக்கை கூடும் இடத்தைப் பாருங்கள். எல்க் கூட்டம் மொத்தமாக ஒரே திசையில் தலை தூக்கினால் அந்தத் திசையைப் பாருங்கள். முக்காலியில் ஸ்கோப் (ஒற்றைக் குழல் தொலைநோக்கி) வைத்து வரிசையாக நிற்பவர்கள் அருகில் மெதுவாகப் போய்க் கேட்டால், நாங்கள் பார்த்த வரை எல்லோரும் ஸ்கோப்பை நம்மிடம் விட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

நாலாவது, பார்த்தும் தெரியாமல் போவது. காயோட்டியை (ஓநாய் போலவே இருக்கும் சின்னக் காட்டு நாய்) ஓநாய் என்பவர்களும் உண்டு, ஓநாயைக் காயோட்டி என்று விட்டவர்களும் உண்டு. காயோட்டி 30 பவுண்டு சொச்சம், கூர்மூக்கு, பெரிய காது. ஓநாய் 100 பவுண்டு பக்கம், நீண்ட கால், அகன்ற முகம்.

செலவுள்ள தீர்வு கடைசியில்தான்: 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப்பும் ஆடாத முக்காலியும். வாங்குவதற்கு முன் பூங்கா வாசல் ஊர்களில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அல்லது ஒரு நாளுக்கு வழிகாட்டியை அமர்த்துங்கள். ஒரு காலையில் அவர் காட்டித்தரும் மேடுகளை மீதி இரண்டு வாரமும் நீங்களே பயன்படுத்தலாம். ஊளையிட்டுக் கூப்பிடுவது, ஒலிப்பதிவு போடுவது இரண்டுக்கும் தடை இருக்கிறது.

## ஸ்கோப்பில் படம் கலங்குகிறது

காலை பத்து மணிக்கு மேல் என்றால் கானல். எந்த விலை ஸ்கோப்பாலும் தீர்க்க முடியாது, பெரிதாக்குவதைக் குறையுங்கள், அல்லது மாலை வாருங்கள். கார் ஜன்னல் வழியே பார்க்கிறீர்கள் என்றால் எஞ்ஜினை அணைத்து, ஹீட்டரையும் அணையுங்கள். உள்சூடு வெளியேறும் இடத்தில் படம் நெளியும்.

சூடான டிரெய்லரிலிருந்து எடுத்ததும் லென்ஸ் பனி படர்ந்தால் சட்டையால் துடைக்காதீர்கள். இரவே பையோடு காரில் வைத்துவிட்டால் காலையில் படராது. கண்ணாடிகளுக்கு உள்பக்கம் பனி படர்ந்து இரண்டு நாளாகியும் போகவில்லை என்றால் மட்டும் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். பைனாகுலரை நீங்களாகத் திருகிப் பிரித்தால் இரண்டு குழலும் மறுபடி ஒரே இடத்தைப் பார்க்காது.